ஸ்டெப் டிரில், நிப்ளர், ஸ்க்ரூ பன்ச்: எக்ஸ்எல்ஆர் மாட்ட தகட்டுல ஓட்டை போட எத வாங்கலாம்

எக்ஸ்எல்ஆர் மாதிரி மைக் வயர் சொருகற கனெக்டர் விக்க ஊர் பூரா கடை இருக்கு, அத மாட்டுறதுக்கு தகட்டுல ஒழுங்கா ஒரு ஓட்டை போட்டுக் குடுக்கத்தான் ஆள் இல்ல. நான் ஈரோடு பக்கம் ஆம்ப்ளிஃபையர், மிக்சர் சர்வீஸ் பண்றவன், மைக் செட்காரங்க வேலைதான் முக்காவாசி. சோல்டரிங் அயர்ன் புடிச்சா கை நடுங்காது, டிரில் மிஷின எடுத்தாத்தான் இன்னைக்கி என்ன கெடப்போகுதோன்னு வயித்தக் கலக்கும். போன வருஷத்துல இருந்து இதுக்குன்னே மூணு டூல் வாங்கிட்டேன், மூணும் என் சொந்தக் காசு, எவனும் சும்மா குடுக்கல. வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

ஆடி 18க்கு பவானிப் பக்கம் ப்ரோக்ராம் புடிச்சிருந்த மைக் செட் அண்ணா ஒருத்தர் ஸ்டேஜ் பாக்ஸ் ஒண்ணு கேட்டாரு. மேடையில வச்சு எல்லா மைக்கையும் அதுல சொருகி, அங்கிருந்து ஒத்த தடிக் கேபிள் மிக்சருக்குப் போற பாக்ஸ். எட்டு இன்புட்டு, மிக்சர்ல இருந்து மேடைக்குத் திரும்பி வர்ற நாலு ரிட்டர்னு, ஆக மொத்தம் 12 எக்ஸ்எல்ஆர். ரெடிமேட் பாக்ஸ் எல்லாம் ஒரு சீசன் தாங்க மாட்டேங்குது தம்பி, பசங்க தூக்கி வேன்ல எறியறானுங்க, இரும்புத் தகட்டுல போட்டுக் குடுன்னாரு. சரின்னு பட்டறையில 1.6 எம்எம் தகடு மடிச்சு வாங்கிட்டு வந்துட்டேன், அதுக்கப்புறம்தான் உறைச்சுது, 12 ஓட்டை, ஒவ்வொண்ணும் 24 எம்எம், கூடவே ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்க்ரூ ஓட்டை.

இந்த 24 கணக்கு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நியூட்ரிக் டி டைப்னு சொல்ற பேனல் கனெக்டர் எல்லாத்துக்கும் முன்னாடி இருக்கற பட்டை 26க்கு 31 எம்எம், ஸ்க்ரூ ஓட்டை ரெண்டும் கோணல் மூலையில, அதுங்களுக்கு நடுவுல படுக்கையா 19, நெட்டையா 24. எக்ஸ்எல்ஆர், ஸ்பீக்கருக்கு வர்ற ஸ்பீக்கான், கரன்ட்டுக்கு வர்ற பவர்கான், நெட்வொர்க் கேபிளுக்கு வர்ற ஈதர்கான்னு பெரும்பாலும் இதே சைஸ் பட்டையில வருது, அதுக்கெல்லாம் 24 எம்எம் ஓட்டை போட்டா உக்காந்துக்கும். அதனால சவுண்ட் லைன்ல இருக்கறவன் இந்த ஒத்த ஓட்டைய நல்லாப் போடக் கத்துக்கிட்டாப் போதும், பாதி பொழப்பு ஓடிரும்.

மொதல்ல ஸ்டெப் டிரில். கூம்பு மாதிரி படிப்படியா இருக்கும், பாத்திருப்பீங்க. ஆன்லைன்ல மூணு பீஸ் செட்டு 450 ரூபாக்கு வாங்குனேன், 4-12, 4-20, 4-32 எம்எம், தங்கக் கலர்ல பளபளன்னு வந்துச்சு (அந்தக் கலர் ரெண்டாவது ஓட்டையிலயே போயிரும், அதப் பாத்து மயங்காதீங்க). இதுல 4-12 பிட்டு மட்டும் தனியா 450 ரூபா சொன்னாலும் வாங்கலாம். ஒவ்வொரு எம்எம்முக்கும் ஒரு படி இருக்கு, டாகிள் சுவிட்ச்சுக்கு 6, கால் இஞ்சு ஜாக்குக்கு 9.5 வேணும்னா 9 வரைக்கும் வந்துட்டு அரத்துல ஒரு தேய், ஜிஎக்ஸ்12 கனெக்டருக்கு 12, எல்லாம் ஒரே பிட்டுல. சாதா பிட்டு மெல்லிசு தகட்டுல அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும்போது வெடுக்குன்னு கடிச்சு ஓட்டைய முக்கோணமாக்கும்ல, அந்தத் தொல்லையே இல்ல, வட்டம்னா வட்டம். அடுத்த படிய லேசாத் தொட்டு எடுத்தா பிசிறும் போயிரும்.

4-20 பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, கேபிள் கிளாண்டுக்கு (கேபிள் பாக்ஸுக்குள்ள நுழையற எடத்துல இறுக்கிப் புடிக்கறது) ஆகும்.

4-32 தான் வில்லன். அதுல ரெண்டு ரெண்டு எம்எம்மா ஏறுது, 22க்கு அப்புறம் 24, அதுக்கப்புறம் 26. ஏறங்குறதுக்குக் கையில பலம் போட்டு அமுத்திக்கிட்டே இருப்போம், 24 படி தகட்டுக்குள்ள முழுசா ஏறங்குனதும் எதிர்ப்பு சட்டுனு விட்டுப் போகும், அந்த அமுத்துற வேகத்துலயே அடுத்த படி தொட்டு கடிச்சிரும். எங்க நிறுத்தணும்னு படி மேல மார்க்கர்ல கோடு போட்டு வச்சேன், எண்ணெய் பட்டதும் கோடு அழிஞ்சுது. மொத ரெண்டு ஓட்டை நல்லா வந்துச்சு. மூணாவது ஓட்டையில, கரெக்டா மேல் வரிசையில நட்ட நடுவுல, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டத் தொறக்கவும் நான் திரும்பிப் பாக்கவும், பிட்டு உள்ள எறங்கிருச்சு. வெர்னியர் வச்சுப் பாத்தா 26. கனெக்டர் பட்டையோட அகலமே 26 தானே, வச்சா ரெண்டு பக்கமும் ஓட்டையோட விளிம்பு தெரியுது. ஒழுங்கா 24 போட்டாக்கூட வட்டத்துக்கும் ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவுல மிச்சம் நிக்கிற தகடு 1.7 எம்எம்தான், 26 ஆயிட்டா 0.7. அதுல ஸ்க்ரூ முடுக்கி, மைக் வயர்ல எவனாவது கால் தடுக்குனா பிச்சுக்கிட்டு வந்துரும்.

ஸ்பீடும் முக்கியம்ங்க. இரும்புல 24 சைஸ்ல நிமிஷத்துக்கு 300, 350 சுத்துக்கு மேல விடக்கூடாது, நம்ம கை டிரில் மிஷின் ட்ரிக்கர முழுசா அமுத்துனா 2800 ஓடும். எனக்குப் பொறுமை இல்லாம அமுத்துனதுல ரெண்டே ஓட்டையில படி விளிம்பு நீலமாயிருச்சு, அதுக்கப்புறம் அது வெட்டல, தேய்ச்சுது. விக்கிறவன் பக்கத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் ஆகும்னு போட்டிருந்தான், 450 ரூபா செட்டுக்கு அது ஓவர். அலுமினியத்துல பரவால்ல, ஆனா துகள் பள்ளத்துல அப்பிக்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு ஓட்டுனா அப்பாது.

சரி இது வேலைக்காகாதுன்னு ஸ்க்ரூ பன்ச் தேட ஆரம்பிச்சேன், போல்ட்ட முடுக்கியே தகட்டுல ஓட்டை வெட்டற டூல். ஆடி 18க்கு பத்து நாள்தான் இருந்துச்சு. இங்கதான் ரெண்டாவது தடவ ஏமாந்தேன், ஏமாந்தேன்னு சொல்றதவிட எனக்கே தெரியலன்னு சொல்லலாம். எலக்ட்ரிக்கல் பேனல் போடறவங்க யூஸ் பண்ற பன்ச் செட்ல சைஸ் எல்லாம் கண்டூயிட் பைப் (உள்ள வயர் விடற பைப்) கணக்கு. அரை இஞ்சுன்னு போட்டிருந்தா 12.7 எம்எம் ஓட்டைன்னு நெனச்சீங்கன்னா போச்சு, அரை இஞ்சு பைப் ஃபிட்டிங் நுழையற ஓட்டை, அதாவது 22.5 எம்எம். அதுக்கு அடுத்தது முக்கா இஞ்சு, அது 28.3. நமக்கு வேண்டிய 24 நடுவுல காணாமப் போயிருச்சு. நான் செட்டாவே ஆர்டர் போட்டு, வந்ததப் பிரிச்சு, பழைய தகட்டுல ஒண்ணு குத்திப் பாத்து, அதுல எக்ஸ்எல்ஆர் நுழையாம நின்னப்பத்தான் வெர்னியர எடுத்தேன். வாங்கறதுக்கு முன்னாடி எடுத்திருக்கணும். ரிட்டர்ன் எடுத்துக்கிட்டாங்க, அது வரைக்கும் நல்லது. பஞ்சாயத்து இல்லாம வேணும்னா டிஸ்க்ரிப்ஷன்ல 24 எம்எம்னு எம்எம்மிலயே போட்டிருக்கற ஒத்த பீஸா வாங்குங்க, எனக்கு 1,350 ரூபா ஆச்சு.

இப்ப இந்த பன்ச் எப்படின்னா, மூணு சாமான்தான். கிண்ணம் மாதிரி ஒரு டை, பல்லு வச்ச கட்டர் ஒண்ணு, ரெண்டையும் கோக்குற எம்10, அதாவது 10 எம்எம் போல்ட். தகட்டுல மொதல்ல 11 எம்எம் ஓட்டை போடணும், அதுக்கு அந்த 4-12 ஸ்டெப் டிரில்லே போதும். போல்ட்ட கிண்ணத்துல விட்டு, தகட்டு ஓட்டையில விட்டு, முன்பக்கம் கட்டர கையாலயே சுத்தி ஏத்தி, தகட்டத் தொட்டதும் நிறுத்தி ஒரு நிமிஷம் பாருங்க. 11 ஓட்டையில 10 போல்ட், அரை எம்எம் அங்கிட்டு இங்கிட்டு நகரும். அதனால நான் காம்பஸ்ல 24 வட்டத்த மொதல்லயே கீறி வச்சிருவேன், கட்டரோட விளிம்பு அந்தக் கீறலுக்கு நேரா உக்காந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் 17ஆம் நம்பர் ஸ்பேனரப் போடறது.

சுத்த ஆரம்பிச்சா மொத ரெண்டு சுத்து ஒண்ணும் தெரியாது. மூணாவதுல கை இறுகும், தகடு லேசா முனகும், அப்புறம் கட்டரோட ரெண்டு முனையும் தகட்டக் கடிச்சு உள்ள போறது ஸ்பேனர் வழியாவே கைக்குத் தெரியும். வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி எல்லாம் கிடையாது, ஒவ்வொரு கால் சுத்துக்கும் நறுக் நறுக்னு ஒரு சத்தம். ஆறேழு சுத்துல டப்புனு விட்டுப் போகும், ஸ்பேனர் லூசாயிரும், பிரிச்சா கிண்ணத்துக்குள்ள ஒரு இரும்புக் காசு, நடுவுல ஓட்டையோட, அலை அலையா வளைஞ்சு கெடக்கும். மொத ஓட்டையில கனெக்டர வச்சப்ப கையால தள்ளவே போய் உக்காந்துச்சு, ஆட்டம் இல்ல, விளிம்பு பூரா ஒரே மாதிரி. உண்மையாச் சொல்றேன் நான் அத ஒரு அஞ்சு நிமிஷம் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், வீட்டுல என்னாச்சுன்னு வந்து கேட்டாங்க.

கட்டர் முன்பக்கம், கிண்ணம் பின்பக்கம்னு வைக்கறதுக்குக் காரணம் இருக்கு, வெட்டுற பக்கம் விளிம்பு லேசா வழுக்கி உருண்டு இருக்கும், பிசிறு கிண்ணத்துப் பக்கம் வரும், கிண்ணம் அழுந்துற தடமும் அங்கதான் விழும். எல்லாத்தையும் உள்பக்கம் தள்ளிட்டா வெளிய சுத்தமா இருக்கும்.

கொறை இல்லாம இல்ல. போல்ட் மரையில கிரீஸ் தடவாம ரெண்டு ஓட்டை போட்டீங்கன்னா மூணாவதுல கதறும். எனக்கு எட்டாவது ஓட்டையில மரை தேஞ்சே போச்சு. கூட வந்த போல்ட் சாதா இரும்பு, கடையில போய் 12.9 கிரேடு (நல்ல கெட்டி ஸ்டீல்) எம்10 ஆலன் போல்ட் அதே நீளத்துல ஒண்ணு வாங்கிப் போட்டேன், அதுக்கப்புறம் எத்தனையோ ஓட்டை போட்டாச்சு, அசையல. வாங்கும்போதே இத சேத்து வாங்கிருங்க. அப்புறம் கிண்ணத்தோட வெளி விட்டம் பெருசு, மடிச்ச தகட்டு மூலைக்குப் பக்கத்துல ஓட்டை வேணும்னா கிண்ணம் சுவத்துல இடிக்கும், லேஅவுட் போடும்போதே தள்ளிப் போடுங்க. இன்னொண்ணு, ஏற்கனவே 20ல இருக்கற ஓட்டைய 24 ஆக்க இது ஆகாது, போல்ட் நடுவுல நிக்க தகடே இருக்காது. அதுக்கு ஸ்டெப் டிரில்தான், மனச திடப்படுத்திக்கிட்டு.

மூணாவது ஐட்டம் நிப்ளர். கட்டிங் பிளேயர் மாதிரி கைப்பிடி, மூக்குல சின்னதா ஒரு சதுர நாக்கு, அமுத்தும்போது ஒரு கடி கடிக்கும். இத நான் ஸ்டேஜ் பாக்ஸுக்கு வாங்கல, பழைய ஆம்ப்ளிஃபையர்ங்கள்ல நேரா உள்ள போற பவர் கார்ட எடுத்துட்டு கம்ப்யூட்டருக்கு வர்ற மாதிரி சாக்கெட் வைக்கறதுக்கு வாங்குனது. அந்த சாக்கெட் நுழைய 27க்கு 20 செவ்வக ஓட்டை வேணும், ஸ்க்ரூ டைப்பா இருந்தா ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவுல 40. வட்டம் போடற டூல் எதுவும் இதுக்கு உதவாது. நிப்ளருக்கும் ஆரம்பிக்க 11 எம்எம் ஓட்டை வேணும், பாருங்க அந்த 4-12 இங்கயும் வந்து நிக்குது. உள்ள விட்டு கோட்டோரமா கடிச்சுக்கிட்டே போக வேண்டியது. ஒரு கடிக்கு ஒன்றரை எம்எம்தான் நகரும், செவ்வகம் சுத்தி 94, ஆக ஒரு சாக்கெட்டுக்கு 60 தடவைக்கு மேல அமுத்தணும். நாலு ஆம்ப்ளிஃபையர் ஒட்டுக்கா பண்ணுன அன்னைக்கி ராத்திரி சோறு பெசைய முடியல.

ஆனா வேலை சுத்தம். தகடு வளையாது, மூலை நறுக்குனு வரும், கடைசி அரை எம்எம்ம மட்டும் தட்டை அரத்துல தேச்சா முடிஞ்சுது. அலுமினியம் 1.6 வரைக்கும், இரும்பு 1.2 வரைக்கும்தான், அதுக்கு மேல அமுத்துனா நாக்கு ஒடையும். தகட்டு மேல ரெண்டு லேயர் மாஸ்கிங் டேப் ஒட்டிக்குங்க, இல்லேன்னா மூக்கு படற எடமெல்லாம் பெயின்ட் போகும். வெட்டுன துண்டுங்க நகம் வெட்டுன மாதிரி சின்னச் சின்னதா பறக்கும், இதுதான் ஆபத்து. ஆம்ப்ளிஃபையர் போர்ட கழட்டாம சோம்பேறித்தனமா அப்படியே வெட்டுனேன் ஒரு தடவ, எல்லாம் ஊதி எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன், ஒரு துண்டு ஹீட்சிங்குக்கும் ட்ரான்சிஸ்டர் காலுக்கும் நடுவுல பாலம் போட்டு உக்காந்திருக்கு, ஆன் பண்ணுனதும் ஒரு ஜோடி அவுட்புட் ட்ரான்சிஸ்டர் காலி. அந்தக் காசு என் கையில இருந்துதான் போச்சு. போர்ட கழட்டிருங்க, முடியலேன்னா பாலித்தீன் கவர் போட்டு மூடி டேப் ஒட்டிருங்க. அப்புறம் சாக்கெட்டோட எர்த் பின்ன சும்மா விட்றாதீங்க, பெயின்ட்ட சுரண்டி தகட்டோட இறுக்கி விடுங்க.

சீரியல் போர்ட்னு சொல்ற ஒன்பது பின் டி கனெக்டருக்கு நிப்ளர் சரி வராது, அந்தத் திறப்போட உயரமே நிப்ளரோட ஆரம்ப ஓட்டை அளவுக்குத்தான் இருக்கு. சின்ன பிட்டுல மூணு ஓட்டை வரிசையாப் போட்டு, ஊசி அரத்துல சேத்து, ரெண்டு பக்கச் சாய்வும் பத்து டிகிரி வர்ற மாதிரி தேய்க்க வேண்டியதுதான், ஸ்க்ரூ ரெண்டுக்கும் நடுவுல 25. ஒரு ஓட்டைக்கு முக்கா மணி நேரம். இதுக்குன்னே டி ஷேப் பன்ச் இருக்கு, வெலையப் பாத்துட்டு மூடி வச்சுட்டேன், வருஷத்துக்கு ரெண்டு வர்ற வேலைக்கு அது எதுக்கு.

சொல்ல விட்டுட்டேன், டேட்டாஷீட் படத்த பிரின்ட் எடுத்து தகட்டுல ஒட்டறவங்க பிரின்ட் பண்றப்ப ஃபிட் டு பேஜ் ஆன்ல இருக்கான்னு பாருங்க. 100 சதவீதம் இல்லாம 97ல பிரின்ட் ஆச்சுன்னா 24 எம்எம் 23.3 ஆயிரும், கண்ணுக்குத் தெரியாது, ஸ்க்ரூ போடும்போது தெரியும். பேப்பர் மேல ஸ்கேல் வச்சு அளந்துட்டு ஒட்டுங்க. டி டைப்புக்கு ஸ்க்ரூ கோணல் மூலைங்கறதால பின்பக்கம் ஒட்டுனீங்கன்னா இடம் வலம் மாறி தப்பு மூலையில ஓட்டை விழும். இது எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

லேசர் கட்டிங்ல குடுத்தா என்னன்னு கேப்பீங்க. குடுக்கலாம், கோயம்புத்தூர்ல ஜாப் ஒர்க் எடுக்க நெறைய பேர் இருக்காங்க, ட்ராயிங் ஃபைல அனுப்புனா பத்துல ஒரு எம்எம் சுத்தத்துல வந்துரும், டி ஷேப்பு செவ்வகம் எதுன்னாலும் ஒரே ரேட்டு. அஞ்சு பாக்ஸுக்கு மேல ஒரே டிசைன்னா யோசிக்காம குடுத்துருங்க. ஒரு பாக்ஸுக்கு மினிமம் சார்ஜே கட்டுப்படி ஆகாது, அதுவுமில்லாம அவங்க சொல்ற நாளைக்கி வேற, நம்ம நாளைக்கி வேற. ஒரு தடவ குடுத்தப்ப ஓட்டைய கரெக்டா 24னு போட்டுட்டேன், அதுக்கு மேல பவுடர் கோட்டிங் ஏறுனதும் ரெண்டு பக்கமும் சேத்து 0.15 கொறஞ்சு கனெக்டர் டைட்டாயிருச்சு, அரம் போட்டா கோட்டிங் சில்லு சில்லா பேருது. அப்ப இருந்து 24.2னு போட்டு அனுப்பறேன்.

என்கிட்ட இருந்து ஒரே ஒரு டூல் மட்டும் எடுத்துக்கலாம்னு சொன்னா 4-12 ஸ்டெப் டிரில்ல குடுக்க மாட்டேன். ரெண்டாவது பன்ச். நிப்ளர் தேவைப்பட்டா மட்டும். 4-32 இப்ப பெயின்ட் டப்பா மூடிய நெம்பறதுக்குத்தான் மேசையில கெடக்கு, அதுவும் அந்த ஒரு வேலை செஞ்சதுக்கப்புறம்.

அந்த ஒரு வேலை என்னன்னா, 26 ஆன மூணாவது ஓட்டை. தகட்டத் தூக்கிப் போட மனசு வரல, நாளும் இல்ல. மிக்சருக்குப் போற அந்தத் தடிக் கேபிள் உள்ள வர பிஜி21 சைஸ் கிளாண்டு சைடுல போடறதா இருந்துச்சு, அதுக்கு வேண்டியது 28.3. நடு ஓட்டைய அதே 4-32ல 28 ஆக்கி, அரை வட்ட அரத்துல நாலு தேய் தேய்ச்சு, கிளாண்ட அங்கயே போட்டுட்டு, அங்க வர வேண்டிய சேனல சைடு பக்கம் தள்ளிட்டேன். பாக்க யானைக்கு தும்பிக்கை மாதிரி நடுவுல இருந்து கேபிள் வருது. அண்ணா வந்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏந்தம்பி, கேபிளு நடுவுல வருது?"ன்னாரு. "பேலன்ஸுக்குங்ணா"ன்னேன். ஒண்ணும் பேசாம தூக்கிட்டுப் போயிட்டாரு.

ஆடி முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணுனாரு. சைடுல வந்தா பசங்க கேபிள மிதிச்சு மிதிச்சு கிளாண்டு லூசாவுது, இது நடுவால வர்றதால ஒருத்தனும் மிதிக்கல, இன்னொரு பாக்ஸு வேணும், இதே மாதிரி நடுவாலயே குடுத்துருங்கறாரு.